கடமையை மீறுபவரும் சுதந்திரமானவரா? காண்ட் முதல் ஹெகல் வரை பகுத்தறிவு, சுதந்திரம், அறக்கடமை

ஆய்வுச் சுருக்கம்

பகுத்தறிவு தனக்குத்தானே விதித்துக்கொண்ட சட்டத்திற்குப் பணிவதே சுதந்திரம் என்பது இம்மானுவேல் காண்ட்டின் அறவியல் கோட்பாடு. இக்கோட்பாட்டை ஏற்றால், அச்சட்டத்தை மீறித் தீமை செய்பவர் அச்செயலின்போது சுதந்திரமற்றவர் என்றாகிறது. சுதந்திரமற்ற செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாளியாக்க இயலாது. இச்சிக்கலை 1790களில் ரைன்ஹோல்ட் வெளிப்படையாக எழுப்பினார். காண்ட் அதனை எதிர்கொண்ட விதத்தையும், ஃபிக்டெ, ஷெல்லிங், ஹெகல் ஆகியோர் அதற்கு அளித்த வேறுபட்ட விடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. செருமானியக் கருத்துமுதல்வாதத்தின் சுதந்திரக் கோட்பாடு வளர்ந்ததற்குத் தீமைக்கான பொறுப்பு பற்றிய இவ்வினா ஒரு முதன்மைக் காரணம் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காண்ட், தன்னாட்சி, அறக்கடமை, சித்தம், தீமை, பொறுப்பு, ஹெகல்.

முன்னுரை

செருமானியக் கருத்துமுதல்வாதம் என்னும் மெய்யியல் மரபு, காண்ட்டின் ‘தூய பகுத்தறிவு பற்றிய திறனாய்வு’ வெளிவந்த 1781 முதல் ஹெகல் மறைந்த 1831 வரையிலான ஐம்பது ஆண்டுக் காலத்தைச் சார்ந்தது. இம்மரபின் சிந்தனையாளர்கள் பலவற்றில் முரண்பட்டாலும் ஒன்றில் உடன்பட்டனர். விரும்பியதைச் செய்வது சுதந்திரம் ஆகாது. பகுத்தறிவின் வழி தன்னைத் தானே நிர்ணயித்துக்கொள்வதே சுதந்திரம் என்பது அது. எனவே, கடமை சுதந்திரத்திற்குத் தடை அன்று, அதன் வெளிப்பாடு என அவர்கள் கருதினர். இவ்வுடன்பாடு உயர்ந்த கருத்தாகத் தோன்றினும் ஒரு கடினமான வினாவை உள்ளடக்கியது. கடமையைச் செய்பவர் சுதந்திரமானவர் எனில், கடமையை மீறுபவர் யார்?

காண்ட்: சட்டமும் சுதந்திரமும்

இயற்கையில் நிகழும் ஒவ்வொன்றும் முந்தைய காரணத்தால் விளைகிறது. மனிதச் செயலும் இயற்கை நிகழ்வே. அவ்வாறாயின் சுதந்திரத்திற்கு இடம் எங்கே என்பது முதல் திறனாய்வின் மூன்றாம் முரண்மெய்யில் எழும் கேள்வி. காரண காரிய விதி நம் அறிவுக்குத் தோன்றும் உலகிற்கே உரியது. பொருள்கள் தம்மளவில் இருக்கும் நிலைக்கு அவ்விதியை நீட்டிக்க இயலாது எனக் காண்ட் விடையளித்தார். இதனால் சுதந்திரம் உண்டு என நிறுவப்படவில்லை. அது முரண்பாடின்றி எண்ணத்தக்கது என்பது மட்டுமே காட்டப்பட்டது.

1785இல் வெளிவந்த ‘ஒழுக்க மெய்யியலுக்கான அடித்தளம்’ அடுத்த படியை எடுத்து வைத்தது. ஒரு நோக்கத்தை அடைய வேண்டுமாயின் இன்னது செய்க எனக் கூறுவது நிபந்தனைக் கட்டளை. எந்த நோக்கத்தையும் சாராமல் இன்னது செய்க எனக் கூறுவது நிபந்தனையற்ற கட்டளை. அறக்கடமை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருவர் தம் செயலுக்கு அடிப்படையாகக் கொள்ளும் நெறி, அனைவருக்கும் பொதுச் சட்டமாக அமைய வேண்டும் என அவராலேயே முரணின்றி விரும்பத்தக்கதா என்பது அதன் அளவுகோல். திருப்பித் தரும் எண்ணமின்றிப் பொய்வாக்களித்துக் கடன் வாங்குபவர் தம் நெறியைப் பொதுச் சட்டமாக்க முயன்றால், வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும்.

இச்சட்டத்தை மனிதருக்கு வெளியிலிருந்து எவரும் விதிக்கவில்லை. கடவுளின் ஆணையோ, மன்னரின் ஆணையோ, இன்ப நாட்டமோ அறத்தின் மூலமானால் சித்தம் பிறிதொன்றின் ஆட்சிக்கு உட்படுகிறது. பகுத்தறிவே சட்டத்தை இயற்றும்போது சித்தம் தன்னாட்சி பெறுகிறது. இதனால் சுதந்திரமான சித்தமும் அறச்சட்டத்திற்கு உட்பட்ட சித்தமும் ஒன்றே என்னும் முடிவுக்குக் காண்ட் வந்தார்.

1788இல் வெளிவந்த ‘நடைமுறைப் பகுத்தறிவு பற்றிய திறனாய்வு’ இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. நேர்மையான ஒருவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லுமாறு மன்னர் ஒருவருக்கு ஆணையிடுகிறார், மறுத்தால் தூக்குமேடை. தாம் மறுப்பதாக உறுதியளிக்க அவர் தயங்கலாம். ஆயினும் மறுக்க இயலும் என்பதை அவர் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். ‘செய்ய வேண்டும்’ என்னும் உணர்விலிருந்தே ‘செய்ய இயலும்’ என்பதை அவர் அறிகிறார். சுதந்திரம் அறச்சட்டம் நிலைபெறுவதற்கான அடிப்படை. அறச்சட்டம் சுதந்திரத்தை அறிவதற்கான வழி.

ரைன்ஹோல்ட் எழுப்பிய தடை

அவ்வெடுத்துக்காட்டில் வரும் மனிதர் அச்சத்திற்குப் பணிந்து பொய்ச்சாட்சி சொல்லிவிட்டார் எனக் கொள்வோம். அடித்தளநூலின் வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால், உண்மை சொல்லியிருந்தால் அச்செயல் பகுத்தறிவினுடையது. பொய் சொன்னதால் அச்செயல் இயற்கை உந்துதலினுடையது. இயற்கை உந்துதல் காரணமாயின் மழை பெய்வதற்கும் அவர் பொய் சொன்னதற்கும் வேறுபாடு இல்லை. மழையை எவரும் குற்றம் சாட்டுவதில்லை.

இது வெறும் கற்பனைத் தடை அன்று. காண்ட்டியரான கார்ல் கிறிஸ்டியன் எர்ஹார்ட் ஷ்மிட் 1790இல் வெளியிட்ட அறவியல் நூலில் இத்தகைய முடிவை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டார். தோற்ற உலகைக் கடந்த காரணங்களாலும் மனிதச் செயல் முற்றாக நிர்ணயிக்கப்படுகிறது என்னும் அவரது நிலைப்பாடு ‘புலன்கடந்த விதிவாதம்’ எனப்படுகிறது. அக்காலத்தில் யேனா பல்கலைக்கழகத்தில் காண்ட்டின் மெய்யியலைப் பரப்பிவந்த கார்ல் லியோன்ஹார்ட் ரைன்ஹோல்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1792இல் வெளிவந்த ‘காண்ட் மெய்யியல் பற்றிய கடிதங்கள்’ இரண்டாம் தொகுதியில், சட்டத்தை இயற்றும் பகுத்தறிவையும் தெரிவு செய்யும் சித்தத்தையும் அவர் பிரித்தார். சட்டத்திற்கு இசையவோ எதிராகவோ தன்னைத் தானே நிர்ணயிக்கும் ஆற்றலே சுதந்திரம் என்றார். இதனால் தீயவரும் சுதந்திரமானவர், எனவே பொறுப்பாளி.

இச்சிக்கல் பின்னரும் ஓயவில்லை. ஆங்கில மெய்யியலாளர் ஹென்றி சிட்ஜ்விக் 1888இல் எழுதிய கட்டுரையில், காண்ட் ‘சுதந்திரம்’ என்னும் ஒரே சொல்லை இரு பொருளில் கையாள்கிறார் எனக் குறை கூறினார். பகுத்தறிவின்படி நடக்கும் சுதந்திரம் ஒன்று. நன்மைக்கும் தீமைக்கும் பொதுவான தெரிவுச் சுதந்திரம் மற்றொன்று.

காண்ட்டின் மறுவிளக்கம்

1793இல் வெளிவந்த ‘வெறும் பகுத்தறிவின் எல்லைக்குள் சமயம்’ என்னும் நூல் தீமையை நேரடியாக ஆராய்கிறது. எந்த உந்துதலும் தானாகவே சித்தத்தை இயக்குவதில்லை. மனிதர் அதனைத் தம் செயல்நெறிக்குள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே இயக்கும் என்பது அதன் மையக் கருத்து. பொய்ச்சாட்சி சொன்னவரை அச்சம் தள்ளிவிடவில்லை. அச்சத்தைத் தம் செயலுக்குப் போதிய காரணமாக அவரே ஏற்றுக்கொண்டார். எனவே தீமையின் இருப்பிடம் புலனுணர்வு அன்று, தெரிவுச் சித்தமே.

எவரும் அறச்சட்டத்தை முற்றாகத் துறப்பதில்லை. தன்னலத்தை முதலாகவும் சட்டத்தை அதற்குக் கீழ்ப்பட்டதாகவும் வைக்கும் தலைகீழ் வரிசையே தீமை. ‘சட்டப்படி நடப்பேன், எனக்கு இழப்பு வராதவரை’ என்னும் நெறி வெளிப்பார்வைக்குப் பெரும்பாலும் நல்லொழுக்கமாகவே தோன்றும். இவ்வரிசை மாற்றத்திற்கான நாட்டத்தையே காண்ட் வேர்நிலைத் தீமை என்றார். இந்நூலின் காரணமாக 1794இல் பிரஷ்ய அரசு அவரைக் கண்டித்ததும், மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியம் இருந்தவரை சமயம் பற்றி எழுதுவதில்லை என அவர் உறுதியளித்ததும் வரலாற்றுச் செய்திகள்.

1797இல் வெளிவந்த ‘ஒழுக்க மெய்யியல்’ இருவகைச் சித்தங்களைத் தெளிவாகப் பிரிக்கிறது. சட்டத்தை இயற்றுவது ‘வில்லே’ எனப்படும் சித்தம். செயல்நெறியைத் தேர்வது ‘வில்க்யூர்’ எனப்படும் தெரிவுச் சித்தம். முன்னது செயலை நேரடியாக நோக்காததால் அதனைச் சுதந்திரமானது என்றோ அற்றது என்றோ கூற இயலாது. பின்னது சுதந்திரமானது. ஆயினும், சட்டத்திற்கு எதிராகத் தெரிவு செய்யும் ஆற்றலைச் சுதந்திரத்தின் வரையறையில் சேர்க்க அவர் மறுத்தார். மனிதர் சட்டத்தை மீறுவதை அனுபவம் காட்டுகிறது; ஆனால் மீறுதல் ஆற்றல் அன்று, ஆற்றலின்மையே என்றார். கணக்கிடத் தெரிந்தவர் பிழை செய்யக்கூடும். அதனால் பிழை செய்வதைக் கணிதத் திறனின் இலக்கணமாகக் கொள்வதில்லை. காண்ட்டின் கருத்தை இவ்வாறு ஒப்புமையால் விளக்கலாம். இவ்விடை பொறுப்பைக் காத்தது. ஆனால் சுதந்திரமான ஒருவர் வரிசையை ஏன் தலைகீழாக்குகிறார் என்பதைக் காண்ட் அறியவொண்ணாததாகவே விட்டுவிட்டார்.

ஃபிக்டெ: மந்தமும் அழைப்பும்

யோஹான் காட்லீப் ஃபிக்டெ இவ்விடத்தில் வேறு வழி கண்டார். அவருக்குத் ‘தான்’ என்பது ஒரு பொருள் அன்று, செயற்பாடு. 1798இல் வெளிவந்த ‘ஒழுக்கக் கோட்பாட்டின் ஒழுங்கமைவு’ என்னும் நூலில் தீமையின் வேரை அவர் மந்தத்தில் கண்டார். கடமையுணர்வைத் தெளிவாக வைத்திருப்பதற்கு முயற்சி வேண்டும். அம்முயற்சி தளரும்போது பழக்கம் ஆட்சி செய்கிறது. மந்தத்திலிருந்து கோழைத்தனமும், கோழைத்தனத்திலிருந்து பொய்மையும் பிறக்கின்றன. தூக்குமேடைக்கு அஞ்சிய சாட்சியின் வீழ்ச்சியையும் இவ்வரிசையில் வைத்து விளக்க இயலும்.

மந்தத்தில் கிடப்பவர் எவ்வாறு எழுவார்? தனிமனிதச் சித்தத்திற்குள் மட்டும் இதற்கு விடை தேடாமையே ஃபிக்டெயின் சிறப்பு. 1796இல் வெளிவரத் தொடங்கிய ‘இயற்கை உரிமையின் அடித்தளம்’ என்னும் நூலில், மற்றொரு சுதந்திர உயிர் விடுக்கும் அழைப்பின்றி எவரும் தம்மைச் சுதந்திரமானவராக உணர இயலாது என நிறுவினார். அழைப்பு வற்புறுத்துவதில்லை, செயல்படுமாறு கோருகிறது, மறுப்பதற்கும் இடம் தருகிறது. இவ்வகையில் கல்வியும் பிறரது முன்மாதிரியும் அறவியலின் உள்ளமைப்பில் இடம்பெற்றன.

ஷெல்லிங்: தீமையின் மெய்ம்மை

தீமையை மந்தமாகவோ குறைபாடாகவோ காண்பது போதாது என்பது ஷெல்லிங்கின் வாதம். 1809இல் வெளிவந்த மனித சுதந்திரம் பற்றிய ஆய்வில், அதுவரையிலான கருத்துமுதல்வாதம் சுதந்திரத்தின் வடிவத்தை மட்டுமே விளக்கியது என்றார். நன்மைக்கும் தீமைக்குமான ஆற்றல் என்பதே சுதந்திரத்தின் உயிருள்ள கருத்து. இது ரைன்ஹோல்டின் வரையறையை நினைவூட்டினாலும், ஷெல்லிங் இதனை மனித இயல்பிலிருந்து இருப்பின் அடித்தளத்திற்கே கொண்டு செல்கிறார். தனிச்சித்தம் பொதுச்சித்தத்தின் கருவியாக நிற்பதை விடுத்து, தானே மையமாக முயல்வது தீமை. நோய் என்பது உடலில் ஏதோ ஒன்று இல்லாமை மட்டுமன்று. ஓர் உறுப்பு முழுமையிலிருந்து பிரிந்து தனக்கென இயங்குவதாகும். தீமையும் அவ்வாறே ஆற்றல் மிக்கது. தீயவரிடம் பெரும்பாலும் அறிவும் முனைப்பும் மிகுந்திருப்பதை இக்கோட்பாடு விளக்குகிறது.

ஹெகல்: மனச்சான்றின் எல்லை

1820இல் வெளிவந்து, தலைப்புப் பக்கத்தில் 1821 என ஆண்டிடப்பட்ட ‘உரிமை மெய்யியலின் அடிப்படைகள்’ நூலில், காண்ட்டின் கடமை உள்ளடக்கமற்ற வடிவம் என ஹெகல் திறனாய்ந்தார். உடைமை என்னும் நிறுவனம் முன்னரே ஏற்கப்பட்டிருந்தால் மட்டுமே திருட்டு முரண்பாடாகும். எது கடமை என்பதைத் தனிமனிதர் தம் உறுதிப்பாட்டை மட்டும் கொண்டு நிர்ணயிக்கத் தொடங்கினால், எதனையும் கடமையாக்கிவிடலாம். மனச்சான்றும் தீமையும் தன்னுறுதி என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்றார்.

இவ்விமர்சனத்திற்கு உடனடிப் பின்னணி இருந்தது. 1819 மார்ச் 23 அன்று மான்ஹைம் நகரில் கார்ல் லூட்விக் ஸாண்ட் என்னும் மாணவர், நாடக ஆசிரியர் ஔகுஸ்ட் ஃபான் கோட்ஸெபுவைக் குத்திக் கொன்றார். தாம் நாட்டிற்கான கடமையைச் செய்வதாகவே ஸாண்ட் நம்பினார். அவரது தாய்க்கு ஆறுதல் மடல் எழுதிய இறையியலாளர் டி வெட்டே, பெர்லின் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். உறுதியான நம்பிக்கை கொலையை அறமாக்குமா என்பது அன்று வகுப்பறை வினாவாக மட்டும் இருக்கவில்லை.

ஹெகலின் விடை, கடமைக்கு உள்ளடக்கம் தரும் சமூக அறவாழ்வு. குடும்பம், குடிமைச் சமூகம், அரசு ஆகியவற்றில் மனிதர் தமக்குரிய கடமையைக் காண்கின்றனர்; அதனால் வெற்றுத் தெரிவின் தற்செயலிலிருந்து விடுதலை பெறுகின்றனர். பொறுப்பு பற்றிய வினாவிற்கும் அவரது தண்டனைக் கோட்பாடு விடை தருகிறது. குற்றவாளியை அடக்க வேண்டிய விலங்காகவோ திருத்த வேண்டிய பொருளாகவோ மட்டும் கருதாமல், அவரது செயலைப் பகுத்தறிவுள்ள ஒருவரின் செயலாக மதித்துத் தண்டிப்பது அவரைப் பெருமைப்படுத்துவதாகும். கடமையை மீறியவரும் சுதந்திரமானவராகவே நடத்தப்படுகிறார்.

எனினும் ஹெகலின் விடையிலும் இடர் உண்டு. பொய்ச்சாட்சியைக் கோரியவர் மன்னரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிறுவனமே அநீதியைக் கடமையாக்கும்போது அதனை மறுப்பதற்கான அடிப்படை, காண்ட் காட்டிய தனிமனிதப் பகுத்தறிவின் சட்டத்தில் வலிமையாக உள்ளது. நிலவும் ஒழுங்கு சீர்கெட்ட காலத்தில் சாக்ரடீஸ் போன்றோர் தமக்குள் திரும்பினர் என்பதை ஹெகலும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அதனைத் தம் அமைப்பின் மையமாக்கவில்லை.

முடிவுரை

சுதந்திரத்தைப் பகுத்தறிவோடு முற்றாக ஒன்றாக்கினால் தீமைக்குப் பொறுப்பாளி இல்லாமற்போகிறார். வெறும் தெரிவாக்கினால் கடமையின் பெருமை குன்றுகிறது. ரைன்ஹோல்ட் சுட்டிய இவ்விரட்டைச் சிக்கலே காண்ட்டை இருவகைச் சித்தங்களைப் பிரிக்கவும், ஃபிக்டெயைப் பிறரது அழைப்பை நாடவும், ஷெல்லிங்கைத் தீமையின் மெய்ம்மையை ஆராயவும் செய்தது. அதே சிக்கலின் மறுமுனையான நம்பிக்கையின் தன்னிச்சையை ஹெகல் நிறுவனங்களால் எதிர்கொண்டார். இவ்விடைகள் ஒன்றையொன்று முற்றாக நீக்குவன அல்ல. பொறுப்பு தெரிவில் தொடங்குகிறது. பிறரது அழைப்பால் விழிப்படைகிறது. நிறுவனங்களில் உள்ளடக்கம் பெறுகிறது. அந்நிறுவனங்களே தவறும் வேளையில், தூக்குமேடையின் முன் நிற்கும் சாட்சியின் ‘மறுக்க இயலும்’ என்னும் அறிவு மீண்டும் இன்றியமையாததாகிறது. காண்ட் அறநெறிகளைத் திறனாய்வோர் ஹெகலையும், ஹெகலைத் திறனாய்வோர் காண்ட்டையும் தொடர்ந்து நாடுவதன் காரணம் இதுவே எனலாம்.