நட்சத்திர மீன், மீனே இல்லை! முதுகெலும்பிகள் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தரலாம்?

நட்சத்திர மீன், ஜெல்லி மீன், விலாங்கு, கடல் குதிரை... இவற்றில் எவையெல்லாம் மீன்? வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். விலாங்கும் கடல் குதிரையும்தான் சரியான விடை. மற்ற இரண்டுக்கும் பெயரில்தான் மீன் இருக்கிறது, உடம்பில் முதுகெலும்பு கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'விலங்குலகம்' என்ற பாடம் வருகிறது. மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என்று முதுகெலும்புள்ளவற்றின் ஐந்து பிரிவுகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆனால், மதிப்பெண்ணோடு மறந்துவிடக்கூடிய பாடம் அல்ல இது. சில நேரம் உயிரையே காப்பாற்றக்கூடியது.

பெயரை நம்பாதே, உடம்பைப் பார்!

பிள்ளைகள் குழம்புவது விதிவிலக்குகளில்தான். அதனால், பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

வௌவால் பறக்கிறது. ஆனால், குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னிக்கு உடம்பு முழுக்கச் செதில், அதுவும் பாலூட்டிதான். மேற்குத் தொடர்ச்சி மலை மண்ணுக்குள் வாழும் சிசிலியனைப் பார்த்தால் பெரிய மண்புழு என்று தோன்றும். உண்மையில் அது கால் இல்லாத இருவாழ்வி, தவளைக்குச் சொந்தம். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. ஆனாலும், அது முதுகெலும்புள்ள விலங்குதான்.

பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியா என்கிற கடல் பசுவும் பாலூட்டியே. அதைக் காப்பதற்காகத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவித்தது.

சமையலறையே ஆய்வகம்

மீன் சாப்பிடும் வீடுகளில் சதையைப் பிரித்த பிறகு நடு முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவிக் காயவைத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கோர்த்த மணி போல வரிசையாக இருப்பவைதான் முள்ளெலும்புகள். அடுத்து, குனியச் சொல்லி அவர்களுடைய முதுகையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதே வரிசை!

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீளக் கழுத்திலும் அதே 7-தான். பாம்புக்கு எலும்பே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இனத்தைப் பொறுத்து அதற்கு 200 முதல் 400 வரை முள்ளெலும்புகள் இருக்கும்.

சென்னைக்கு வரும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். அதன் துடுப்புக்குள் விரல் எலும்புகள் உண்டு. மனிதக் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றும் ஒரே அமைப்பின் வேறு வேறு வடிவங்கள். இதை ஒரு முறை நேரில் பார்த்த பிள்ளை, திமிங்கிலத்தை மீன் என்று எழுதாது.

அரணை கடித்தால் மரணமா?

'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லிச் சொல்லியே பல அரணைகளை அடித்துக் கொன்றிருக்கிறோம். நம் ஊர் அரணைக்கு விஷமே கிடையாது. நல்ல பாம்புக்குச் சாரை ஜோடி என்பதும் கட்டுக்கதை. இரண்டும் வேறு வேறு இனம். பின்னிப் பிணைந்து நிற்பவை பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள்தான். வயலில் எலியைத் தின்று விவசாயிக்கு உதவும் சாரைக்கும் விஷம் இல்லை.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்குக் காரணம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குதான். 2000 முதல் 2019 வரை நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர்! பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

அதனால் ஊர்வன பாடத்தோடு இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்: பாம்பு கடித்தால் ஓடக் கூடாது. கடித்த இடத்தைக் கீறவோ, வாயால் உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால், அது சாரையே என்றாலும் கையால் பிடிக்க முயலாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

அந்த நான்கு பாம்புகளின் விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. மருந்துக்காக விஷம் எடுத்துத் தரும் பணியை, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செய்துவருகிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

அடுத்த முறை பிள்ளை விலங்கியல் புத்தகத்தை விரித்து உட்காரும்போது, மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அரணைக்கு விஷம் உண்டா?" மீதிப் பாடம் தானாக நடக்கும்.