பத்து நிமிட வீடியோ

ஆட்டிசத்துக்குக் காரணமே பெற்ற தாய்தான் என்று நிபுணர்கள் அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அன்பு காட்டத் தெரியாத அம்மாக்களால்தான் குழந்தை தனக்குள் சுருண்டுகொள்கிறது என்று சிகாகோவில் இருந்த புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகமே போட்டார். இத்தனைக்கும், இது நரம்பு வளர்ச்சி சார்ந்த விஷயம் என்று பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே எழுதிவிட்டார். ரிம்லாண்ட் உளவியல் படித்தவர் மட்டுமல்ல, ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பா. வடக்கு கரோலினாவில் எரிக் ஷாப்ளர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெற்றோரைச் சிகிச்சை அறைக்குள்ளேயே கூப்பிட்டு, கூட வேலை செய்பவர்களாக ஆக்கிக்கொண்டார். அவருடைய ‘டீச்’ திட்டம் 1972-ல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று.

சரி, உள்ளே வந்த பெற்றோர் என்ன செய்தார்கள்? அதுதான் இந்த வாரம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் கிரீன் குழு பரிசோதித்த ‘பேக்ட்’ முறையில் தெரபிஸ்ட் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பதில்லை. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுகிறார். சுமார் பத்து நிமிடம் அது வீடியோவாகப் பதிவாகிறது. பிறகு அந்தப் பெற்றோரும் தெரபிஸ்ட்டும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “கார் என்ன கலர்? சொல்லு கண்ணா, சொல்லு” என்று அம்மா விடாமல் கேட்கிறார். நடுவில் ஒரு நொடி ஓய்கிறார். அந்த நொடியில் குழந்தை தலையைத் தூக்கி அவரைப் பார்க்கிறது. அடுத்த கேள்விக்கான அவசரத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லை. தெரபிஸ்ட் படத்தை நிறுத்துவது சரியாக அங்கேதான். குறை சொல்ல அல்ல. “இங்கே என்ன நடந்தது, பாருங்கள்” என்று காட்ட. அடுத்த முறை அம்மா கேள்விகளைக் குறைக்கிறார். “சுத்துது... சுத்துது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். வீட்டிலும் தினமும் அரை மணி நேரம்வரை இதே பழக்கம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். 2010-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவும் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பேசுவது நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் ஆட்டிச அறிகுறிகளை அளக்கும் சோதனையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கிரீன் குழு அத்தோடு விடவில்லை. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து அவர்களில் 121 பேரைத் திரும்பப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்களில் தீவிர அறிகுறி உள்ள பிள்ளைகள் 55 சதவீதத்திலிருந்து 46 ஆகக் குறைந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 50 சதவீதம் 63 ஆகியிருந்தது. பதற்றமும் முரண்டும் மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன.

நம் பக்கத்துக்கு வந்தால், கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இதே முறையை மாற்றியமைத்து 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். இங்கே பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல. குறுகிய காலம் பழக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோரின் பேச்சு மாறியது, குழந்தைகள் தாங்களாகவே பேச்சைத் தொடங்குவது கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றையே கவனிக்கும் நேரம் மட்டும், எதிர்பார்ப்புக்கு மாறாக, குறைந்தது. தெரபிஸ்ட்டுகள் பெரிய ஊர்களில் மட்டுமே கிடைக்கும் ஒரு நாட்டுக்கு, இந்தச் சின்ன ஆய்வு மான்செஸ்டர் ஆய்வைவிட முக்கியமானது.

எல்லாமே வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டோடு பள்ளியையும் சேர்த்து 249 குழந்தைகளிடம் செய்த அடுத்த ஆய்வு 2022-ல் வந்தது. ஆட்டிச அறிகுறிகள் அசையவில்லை. ஆஸ்திரேலியாவில், ஆரம்ப அறிகுறிகள் தெரிந்த, ஒரு வயதையொட்டிய கைக்குழந்தைகளிடம் 2021-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற வீடுகளில் 6.7 சதவீதக் குழந்தைகளுக்கே மூன்று வயதில் ஆட்டிசம் என்று முடிவானது; மற்றவர்களில் 20.5 சதவீதம். உடனே ‘ஆட்டிசத்தைத் தடுக்கலாம்’ என்ற பேச்சு கிளம்பியது. நாங்கள் என்ன தடுக்கப்பட வேண்டியவர்களா என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் யாருடையது? நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவுடையது. சமையல், வேலை, மாமியார், இன்னொரு பிள்ளை என எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்தான் ‘வீட்டு தெரபிஸ்ட்’. முன்னேற்றம் இல்லையென்றால் “நீ சரியாகச் செய்யவில்லை” என்ற பழைய பழி புது உடுப்பில் வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பராமரிப்பாளர் பயிற்சியில் ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு; பெற்றோர் தங்களைக் கவனித்துக்கொள்வதும் பாடத்தில் ஒரு பகுதி. டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாய் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்போ, அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே உட்காரவைத்துப் பல வாரங்கள் சொல்லிக்கொடுக்கிறது.

தெரபி சென்டரில் பணம் கட்டும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு உங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னால், “நாங்களும் உள்ளே வரலாமா, வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று காட்டுவீர்களா?” என்று முதல் நாளே கேளுங்கள். கேட்கப் போகும்போது அப்பாவும் கூடப் போகட்டும்.