எரிந்த காகிதங்கள், திறந்த கோப்புகள்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சில நாள்களிலேயே சீன ஆண்களைச் சோதனை மையங்களுக்கு வரச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று ஜாலான் புசார் விளையாட்டரங்கு. தப்பியவர்களுக்குத் தாளிலோ சட்டையிலோ வெறுங்கையிலோ முத்திரை குத்தினார்கள். அது அழிந்துவிடுமே என்று கையைக் கழுவாமலே நாள்களைக் கடத்தியவர்கள் உண்டு. முத்திரை கிடைக்காத ஆயிரக்கணக்கானோரை லாரியில் ஏற்றிச் சென்று சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுட்டார்கள்.

மாண்டவர்கள் எத்தனை பேர்? ஜப்பானியத் தரப்பின் கணக்கு ஏறத்தாழ 5,000. சீன சமூகத்தின் கணக்கு 50,000 வரை. 1945இல் தோற்ற ஜப்பானிய ராணுவம் தன் ஆவணங்களை எரித்துவிட்டதால், எண்பது ஆண்டுகளாகியும் இந்தக் கணக்கு தீரவில்லை. 1947இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் ஏழு அதிகாரிகளை விசாரித்து இருவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த விசாரணைப் பதிவுகளை இன்று யாரும் படிக்கலாம். மாண்டவர்களின் முழுப் பட்டியல் மட்டும் எங்குமில்லை.

பிரிட்டிஷாரும் எரித்தார்கள். 1957இல் மலாயாவைவிட்டுக் கிளம்பும்போது கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் காகிதங்களைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்து சாம்பலாக்கினார்கள். காலனி ஆட்சிக்காலக் கொடுமைகளுக்காகக் கென்ய முதியவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கால், பிரிட்டிஷ் அரசு ஒளித்துவைத்த காலனிக் கோப்புகள் 2011இல் வெளிப்பட்டன. லாரிகளில் கொண்டுவந்து எரித்த விவரம் அதன் பிறகே பரவலாகத் தெரியவந்தது.

நம் சிங்கப்பூர் அரசாங்கம் எரிக்காமல் வைத்திருந்த ஒரு கோப்பு 2025 டிசம்பரில் திறந்தது. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது பற்றி அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ சேர்த்துவைத்த ‘ஆல்பட்ராஸ்’ கோப்பு அது. இப்போது விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் கண்காட்சியாக இருக்கிறது. சிங்கப்பூரை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றே பலர் நம்பிவந்தார்கள். ஆனால் 1965 ஜூலை 26இல், கோலாலம்பூர்த் தலைவர்களிடம் பேச கோவுக்குப் பிரதமர் லீ குவான் இயூ எழுதிக்கொடுத்த அதிகாரம் அதில் உள்ளது. பிரிவை இங்கிருந்தவர்களும் பேசி முடித்திருக்கிறார்கள்.

அறுபது ஆண்டு காத்திருப்பு நெடியது. கோ 2010இலும் லீ 2015இலும் மறைந்துவிட்டார்கள். இனி அவர்களிடம் ஒரு விளக்கமும் கேட்க முடியாது.

காத்திருப்பைக் குறைக்கச் சட்டம் போட்ட நாடுகளும் உண்டு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, கேட்டவருக்கு 30 நாளில் பதில் வரவேண்டும். 20 ஆண்டு கடந்த விவகாரங்களுக்குப் பல விலக்குகள் பொருந்தா. சிங்கப்பூரில் அப்படியொரு சட்டமில்லை. 25 ஆண்டு கடந்த முக்கியக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன; அவற்றைத் திறப்பதா என்பதை அவற்றைக் கொடுத்த துறையே முடிவுசெய்கிறது. அத்துறை மறுத்தால், இனியேனும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதை எதிர்த்து முறையிட வழியும் வேண்டும்.