வீட்டோடு சேர்ந்து ஓடும் மாரத்தான்

கொடுமுடியிலிருந்து ஈரோடு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முழு மாரத்தான் அதைவிடச் சற்று நீளம்: 42.195 கிலோமீட்டர். முதல்முறை ஓடும் நடுத்தர வயதுக்காரர் அதை முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்காக ஐந்து மாதம் உடம்பைப் பழக்க வேண்டும்.

ஓட்டமே தொழிலாக இருப்பவருக்குப் பயிற்சியாளர் உண்டு, அளந்து சமைத்துத் தர ஆள் உண்டு, பகலில் தூங்க நேரமும் உண்டு. புகளூர் காகித ஆலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும், கரூருக்கு வேலைக்குப் போக ரயில் பிடிப்பவருக்கும், மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுபவருக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் சாப்பிடுவது, தூங்குவது, அலுப்புத் தீர உட்காருவது எல்லாம் வீட்டில்தான். உடம்பு தேறுவதும் அங்கேதான். அதனால் மாரத்தான் பயிற்சியை வீட்டாரோடு பேசி அமைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு மட்டுமல்ல, ஓடுபவரின் உடல்நலத்துக்கே அவசியம்.

நெடுந்தூரம் நமக்குப் புதிதில்லை

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் முகந்து, காவடியோடு பழனிக்கு நடந்தே போவது கொங்கு நாட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். விரதமிருந்து உடம்பைத் தயார் செய்வார்கள். சொந்தபந்தங்கள் கூடவே நடப்பார்கள். வழியில் மோரும் தண்ணீரும் கொடுக்க ஆட்கள் நிற்பார்கள். நெடுந்தூரம் போகிறவரைத் தனியாக விடக் கூடாது என்ற அறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.

ஓட்டப் போட்டிகளும் இப்போது அருகிலேயே வந்துவிட்டன. கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷன் 2013 முதல் கோவை மாரத்தானை நடத்திவருகிறது. முழுத் தொலைவு ஓட விரும்புபவர்கள் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னை மேயராக இருந்து, 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் அடிபட்ட பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர். “இந்த வயசுல எதுக்குங்க ஓட்டம்?” என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

உடம்புக்குள் நடக்கும் நல்லது

லண்டன் மாரத்தானை முதல்முறை ஓடிய 138 பேரைப் பயிற்சிக்கு முன்பும் போட்டிக்குப் பிறகும் சோதித்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் ஆறு மாதப் பயிற்சியில் அவர்களுடைய ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் விறைப்பும் குறைந்து, ரத்தக் குழாய்களின் வயது ஏறக்குறைய நான்கு ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. வயதில் மூத்தவர்களுக்கும் மெதுவாக ஓடியவர்களுக்கும் கிடைத்த பலன் இன்னும் கூடுதல்.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10 சதவீதத்துக்கும் மேல். போட்டிக்கென்றே கடுமையாக ஓடுபவர்களில் 13 சதவீதத்தைத் தாண்டியது. அளவோடு ஓடினால் மூட்டுக்குக் காப்பு, அளவு மீறினால் கேடு என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் சில பரிசோதனைகள்

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இவற்றைச் செலவில்லாமல் பார்க்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பழக்கம் உள்ளவர்கள், அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருப்பவர்கள் இசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மற்றச் சோதனைகளையும் செய்துகொள்வது கட்டாயம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஓடும் நாட்களில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை இறங்கிவிடலாம். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இருபது வாரக் கணக்கு

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடியாதவர் முழு மாரத்தானுக்கு உடனே பெயர் கொடுக்க வேண்டாம். முதலில் அரை மணி நேர நடை, பிறகு நடையும் ஓட்டமும் கலந்து, அடுத்து 10 கிலோமீட்டர், அப்புறம் அரை மாரத்தான் என்று ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். அந்த அடித்தளம் உள்ளவருக்கு 18 முதல் 20 வாரம் போதும்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் குடும்பஸ்தருக்கு ஏற்றது. மூன்று நாள் 6 முதல் 10 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 12 கிலோமீட்டரில் தொடங்கி, மெல்லக் கூட்டி 30 வரை கொண்டுபோகலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொலைவைக் குறைத்து உடம்பைத் தேறவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்ற பயிற்சிகளை வீட்டிலேயே செய்தால் தொடையும் கெண்டைக்காலும் வலுப்பெறும்.

வேகத்துக்குக் கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். வாரத்தில் பெரும்பகுதி இந்த வேகத்திலேயே இருக்கட்டும்.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

முதலாவது, நேரம். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று ஓடினால் 30 கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்குத்தான் வீடு திரும்புவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு யார் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முந்தின நாளே பேசிவிட வேண்டும். வார நாட்களில் பள்ளி வேன் வரும் முன் வீட்டில் இருந்து, டிபன் பாக்ஸ் கட்டுவதிலும் கை கொடுக்க வேண்டும். காலையில் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்துக்கு ஈடாக மாலையில் ஒரு மணி நேரத்தைத் துணைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாவது, நாள்காட்டி. ஜனவரித் தொடக்கத்துப் போட்டிக்கு ஆகஸ்ட் நடுவில் பயிற்சி தொடங்கும். இடையில் ஆவணி முகூர்த்தங்கள் வரும், தீபாவளி வரும், ஐப்பசி கார்த்திகை மழை வரும், பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு வரும். இவற்றை முதலிலேயே குறித்து, அந்த வாரங்களைக் குறைந்த ஓட்ட வாரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்காக ஒரு நீண்ட ஓட்டம் விட்டுப்போனால் உடம்பு எதையும் இழந்துவிடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடும்போதுதான் காயம் வருகிறது.

மூன்றாவது, தூக்கம். தசை வலுப்பெறுவது ஓய்வில்தான். ஏழு மணி நேரத் தூக்கம் குறைந்தபட்சத் தேவை. நாலரைக்கு எழுபவர் ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும் என்றால் இரவு டிவி சத்தத்தைக் குறைக்க வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் நீண்ட ஓட்டம் வேண்டவே வேண்டாம். வீட்டில் எரிச்சலாகப் பேசுவது, பசி குறைவது, தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் பயிற்சி அளவு மீறியதற்கான அறிகுறிகள். அதை ஓடுபவருக்கு முன்பே கண்டுபிடிப்பவர்கள் வீட்டார்தான். “முகமே வாடிப்போச்சுங்க, ரெண்டு நாள் சும்மா இருங்க” என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் ஓடும்போது

ஆண் ஓடினால் குடும்பம் இடம் கொடுக்கிறது. பெண் ஓடக் கிளம்பினால், காலைச் சமையல் முடிந்ததா என்ற கேள்வி முதலில் வருகிறது. அடுப்பு வேலையைக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ளாமல் அவர் பயிற்சி எடுத்தால், ஓட்டத்தோடு வீட்டு வேலையும் சேர்ந்து உடம்பை முறித்துவிடும். இதில் சலுகை என்ற பேச்சே இல்லை, இது அவருடைய உரிமை.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும்போது தொலைவைக் கூட்டக் கூடாது. மருத்துவரைப் பார்த்து முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். பிரசவமான பிறகு மூன்று மாதமாவது பொறுத்து, மருத்துவரின் ஆலோசனையோடு நடையிலிருந்தே தொடங்க வேண்டும்.

தட்டிலும் தம்ளரிலும்

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். கால் இரும்பாகக் கனப்பது அப்போதுதான். இதைச் சமாளிக்கக் கடைப்பொடிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், நீண்ட ஓட்டத்தில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பேரீச்சையோ கடலை மிட்டாயோ போதும். திரும்பி வந்ததும் நம் வீட்டு அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும் மாவுச்சத்தையும் புரதத்தையும் சேர்த்தே தந்துவிடும். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை, ராகி, நிலக்கடலை இவை வாரம் முழுக்கத் தட்டில் இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிடக்கூடிய சாப்பாடாக இருந்தால் சமைப்பவருக்கு இரட்டை வேலை இல்லை.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. உப்புப் போட்ட மோரும் ஓஆர்எஸ் கரைசலும் நீண்ட ஓட்டத்துக்கு நல்லவை. வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

வெயிலும் பாதையும்

சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பகுதி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த மாதங்களில் ஓட்டத்தைக் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. இதன் கரையில் மண் பாதையாக உள்ள இடங்கள் காலுக்கு இதம். ஆனால் விடிந்த பிறகே அங்கே ஓட வேண்டும், இருட்டில் குழியும் பாம்பும் தெரியாது. ஈரோடு – கரூர் சாலையில் ஓடுபவர்கள் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, பளிச்சென்ற சட்டையோடு ஓட வேண்டும். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், படபடப்பு, கண் இருட்டல். இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி 108ஐ அழைக்க வேண்டும். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கே திடீரென்று இதயம் நின்றது. ஆபத்து அரிது, ஆனால் அந்த 59 பேரில் 42 பேர் இறந்துபோனார்கள். அதனால்தான் அறிகுறியைப் பொறுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஓடுபவர் வீட்டில் ஒருவராவது நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சிபிஆர் முதலுதவியைக் கற்றிருப்பது நல்லது.

வெயிலில் ஓடியவர் உளறினாலோ தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்று கருதி, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு மருத்துவர் சொன்ன பின்பே மீண்டும் தொடங்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆனது

வீட்டில் உள்ள எல்லோரும் 42 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஒருவர் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் வீட்டில் மற்றவர்களும் அந்த 150 நிமிடத்தை எட்டுவது எளிது. நீங்கள் ஓய்வெடுக்கும் நாளில் துணையோடு நடந்து வாருங்கள், பிள்ளைகளுக்குச் சைக்கிளைக் கொடுத்துப் பக்கத்தில் ஓட்டி வரச் சொல்லுங்கள், மாமனார் மாமியாரையும் மாலையில் நடக்க அழைத்துப் போங்கள். பதக்கம் ஒருவர் கழுத்தில்தான் விழும். சீரான ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்த சர்க்கரையும் வீட்டில் எல்லோருக்கும் கிடைக்கட்டும். இந்த வாரமே குடும்பத்தோடு போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் நடையைத் தொடங்கலாம்.