ஓடிப்போன குதிரைகள்

மோட்டார் வண்டியின் பலத்தைக் குதிரைக் கணக்கில் சொல்லுவது உலக வழக்கம். 1970-ஆம் வருஷத்துக் காடிலாக் எல்டொராடோ வண்டியின் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 400 குதிரைகளின் பலம் என்றார்கள். ஆறு வருஷம் கழித்து, 1976-இல், அதே 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 190 குதிரைதான் என்று கம்பெனியாரே குறித்தார்கள். மீதி 210 குதிரைகளும் எந்த லாயத்தை நோக்கி ஓடிப் போயின?

அவற்றுள் சில ஆதியிலேயே இல்லாதவை. முன்பெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியே ஒரு மேடைமீது ஏற்றி, விசிறி முதலிய சுமைகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு அளந்தன. 1972 முதல் அவற்றைப் பூட்டியே அளக்கலாயின. மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பிடித்தம் போகாமல் சொல்லுவதற்கும் பிடித்தம் போகச் சொல்லுவதற்கும் உள்ள வித்தியாசந்தான்!

மற்றக் குதிரைகளை விரட்டியது புகைச் சட்டம். வண்டிப் புகையின் நச்சில் நூற்றுக்கு 90 பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1970-இல் அமெரிக்கச் சர்க்கார் சட்டம் செய்தது. ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்தார்கள்; பலமும் கூடவே குறைந்தது. ஆனால் பழி முழுவதையும் சட்டத்தின் தலையில் சுமத்திவிட முடியாது. அதே சட்டம் முதலில் கேட்ட அளவை ஜப்பானிய ஹோண்டா கம்பெனி, புகையைச் சுத்திகரிக்கும் தனிக் கருவி எதுவும் இல்லாமலே, தன் சிறிய எஞ்சினில் எட்டிக் காட்டியது. பலம் குறைந்ததையாவது மன்னிக்கலாம். நடுவழியில் நின்றுவிட்ட எஞ்சின்களுக்கு என்ன சமாதானம் சொல்லுவது?

ஷெவர்லே வேகா என்ற சிறிய வண்டி 1970-இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் உடல் அலுமினியம். நூற்றுக்கு 17 பங்கு ஸிலிக்கன் கலந்தது. ஸிலிண்டருக்குள் வழக்கமாகப் பொருத்தும் இரும்புக் குழாய் கிடையாது. ஸிலிக்கன் மணிகளின்மீதே பிஸ்டன் ஓடவேண்டும். அலுமினிய உடலின்மேல் வார்ப்பிரும்புத் தலை. சூடேறினால் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. நடுவிலுள்ள காஸ்கெட் இடம் கொடுத்துவிடும், தண்ணீர் ஒழுகும், ஸிலிண்டர் கீறல் விழும். பிறகு எண்ணெயைப் பெட்ரோலுக்குச் சமமாகக் குடிக்கத் தொடங்கும். கடைசியில் பல வண்டிகளுக்கு, முதலில் வேண்டாமென்று விட்ட அந்த இரும்புக் குழாயையே பழுது பார்ப்பவர்கள் பொருத்தினார்கள். உலோகத்தின் மீது குற்றமில்லை. 1977-இல் வெளிவந்த போர்ஷே 928 என்ற ஜெர்மன் வண்டி இதே வகை அலுமினியத்தில் செய்யப்பட்டுப் பெயர் பெற்றது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-இல் இன்னொரு சட்டம்: 1978-ஆம் வருஷ வண்டிகள் காலனுக்குச் சராசரி 18 மைல் ஓடவேண்டும், 1985-இல் 27.5 மைல். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி டீஸலை நாடியது. யோசனை நல்ல யோசனைதான். 1978-இல் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 5.7 லிட்டர் டீஸல் எஞ்சின் வந்தது. முதலில் 120 குதிரை, பின்பு 105. அந்தக் கனத்த வண்டியை இழுக்க அது போதவில்லை என்றாலும், எண்ணெய்ச் செலவு குறைந்ததால் ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள்.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 22 பங்குக்கு மேல் நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சினில் அந்த நெருக்கம் சுமார் எட்டுப் பங்குதான். ஆகவே எஞ்சினின் தலையை உடலோடு பிடித்து வைக்கும் போல்ட்டுகளுக்கு வேலை பல மடங்கு அதிகம். ஆனால் ஒவ்வொரு தலைக்கும் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு இருந்த அதே பத்துப் போல்ட்டுகளே! ஒன்றைக் கூட்டினாலும் தொழிற்சாலையின் துளையிடும் யந்திரங்களை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு மிச்சமாயிற்று. போல்ட்டுகள் நீண்டு கொடுத்தன, காஸ்கெட் கிழிந்தது, தண்ணீர் ஸிலிண்டருக்குள் இறங்கியது. தண்ணீரை நெருக்க முடியாதல்லவா? மேலே வந்த பிஸ்டன் அதில் மோதி, எஞ்சினே நொறுங்கியது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. டீஸலில் கலந்துள்ள தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியை வைக்கவில்லை. எண்ணெயை அளந்து பீச்சும் நுட்பமான பம்பு துருப்பிடித்தது. வண்டிக்காரர்கள் பெட்ரோல் வண்டிக்குச் செய்வதுபோல டாங்கியில் சாராய மருந்தை ஊற்றினார்கள். அது பம்பின் உள்ளுறுப்புகளை அரித்தது. வண்டியைக் கடனுக்கு வாங்கிய குடும்பஸ்தன், தவணை முடிவதற்குள் இரண்டாவது எஞ்சினுக்குப் பணம் தேட நேர்ந்ததென்றால், கம்பெனி மிச்சம் பிடித்த செலவு யார் தலையில் விழுந்தது என்பது விளங்கும்.

பழுதான வண்டியை அமெரிக்கர்கள் 'எலுமிச்சம்பழம்' என்கிறார்கள். நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் வைக்கிற பழத்தை அவர்கள் எஞ்சினுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் போலும்! 1982-இல் கனெக்டிகட் மாநிலம், திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு ஈடு கேட்க வாங்கியவருக்கு உரிமை தரும் சட்டத்தை இயற்றியது. அதற்கும் 'எலுமிச்சைச் சட்டம்' என்றே பெயர் நிலைத்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. டீஸல் வண்டி வாங்கியவர்கள் கூட்டாக வழக்கும் தொடுத்தார்கள். 1985-ஆம் வருஷ வண்டிகளோடு அந்த எஞ்சின் நின்றது. டீஸல் கார் என்றாலே அமெரிக்கர் ஒரு தலைமுறைக் காலம் முகம் சுளித்தனர்.

வெறும் பெட்ரோல் எஞ்சினுக்கு டீஸல் வேஷம் போட்டார்கள் என்று ஊரார் பேசிக்கொண்டது மட்டும் சரியன்று. எஞ்சினின் உடலைக் கம்பெனியார் கனமாகவே வார்த்திருந்தார்கள். பந்தய வண்டிக்காரர்கள் பிற்பாடு அதைத் தேடிப் பிடித்து, டீஸல் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோல் எஞ்சினாக மாற்றி ஓட்டினார்கள்.