போகாத தேமல்

“தேமல்தானே, தன்பாட்டில் போய்விடும்” என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். ஆனால், மிக அரிதாக, போகாத தேமல் ஒன்று புற்றுநோயாகவும் இருக்கலாம். உயர்தர உயிரியலில் நிணநீர்க்குழியங்களைப் படித்தபோது இதைத் தேடி வாசித்தேன்.

நிணநீர்க்குழியங்கள் நோய்களோடு போராடும் வெண்குருதிக் கலங்கள். அவை கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லிம்போமா. அனேகமாக இது கழுத்திலோ அக்குளிலோ உள்ள நிணநீர்க்கணுக்களில் வீக்கமாகத் தொடங்கும். சில வகைகள் தோலிலேயே தொடங்கும். அவற்றுள் அதிகம் காணப்படுவது மைகோசிஸ் பங்கோயிடிஸ். 1806ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், ஒருவரின் தோலில் காளான் போன்ற கட்டிகளைக் கண்டு இதனை விவரித்தார். பெயர் அப்படி வந்தாலும் இது பங்கசால் வருவதல்ல; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? முதலாவது காரணம், தோற்றம். எங்களைப் போன்ற கருநிறத் தோலில், குறிப்பாக இளவயதினரில், இது வெளிறிய திட்டுக்களாக வரலாம். தேமல், வெண்படை, எக்சிமா, தொழுநோய் எல்லாம் இதே போலத் தோன்றலாம். மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததை அறிந்த எங்கள் ஊரவர்களுக்கு, வெளிறிய திட்டு என்றாலே அந்தப் பயம்தான் வரும். தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். அதனால்தான் வைத்தியர் பஞ்சால் தொட்டுப் பார்க்கிறார்.

இரண்டாவது, நுணுக்குக்காட்டியிலும் இது ஒளிந்துகொள்கிறது. தோலில் சிறு துண்டை எடுத்துச் சோதித்தாலும், ஆரம்பத்தில் பிழையான கலங்கள் சிலவே இருக்கும். அவை சாதாரண அழற்சிக்கு வரும் கலங்களைப் போலவே தெரியும். எனவே ஒரு முறை “ஒன்றுமில்லை” என்று அறிக்கை வந்தாலும், திட்டு மாறாவிட்டால் மீண்டும் சோதிக்க வேண்டும். சிலருக்கு நோய் உறுதியாகச் சில வருடங்கள்கூட ஆகின்றன.

மூன்றாவது, நாமாக வாங்கிப் பூசும் கிறீம்கள். ஸ்டீரோயிட் கலந்தவை திட்டைத் தற்காலிகமாக மங்கச் செய்து, சோதனையையும் குழப்பிவிடும். என்ன பூசினோம் என்பதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

நான்காவது காரணம் எங்களிடம் இருக்கிறது. இந்நோய் பெரும்பாலும் வெயில் படாத இடுப்பு, தொடை, மார்பு, பிட்டம் போன்ற இடங்களிலேயே தொடங்குகிறது. அவை நாங்கள் யாருக்கும் காட்டாத இடங்கள். “கலியாணம் பேசும்போது கதை வரும்” என்ற அச்சமும் சேர்ந்தால், திட்டு உடுப்புக்குள்ளேயே வளரும். வெட்கம் ஈமானின் பகுதிதான். ஆனால் நோயை மறைக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை. பெண் வைத்தியரைக் கேட்கலாம். இல்லாவிட்டால் உம்மாவையோ தாதியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டலாம்.

ஆரம்பத்திலேயே கண்டறிந்தால், பூசும் மருந்தாலும் புறஊதாக்கதிர் ஒளிச் சிகிச்சையாலும் பலர் நீண்டகாலம் நலமாக வாழ்கிறார்கள். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. சகோதரிகளே, மாதக்கணக்கில் மாறாத திட்டு எதுவானாலும் ஒரு முறை காட்டுங்கள். பிறகும் மாறாவிட்டால் மறுமுறையும் காட்டுங்கள்.