நான்கேகால் மணி நேரமா, ஆறே முக்கால் மணி நேரமா?

ஏழாம் வகுப்புக் கணிதத் தேர்வில் இப்படி ஒரு வினா கொடுத்திருந்தேன்: "சென்னையில் இரவு 10.00 மணிக்குப் புறப்படும் விமானம், மறுநாள் அதிகாலை 4.45 மணிக்குச் சிங்கப்பூரை அடைகிறது. பயண நேரம் எவ்வளவு?" நான் எதிர்பார்த்த விடை 6 மணி 45 நிமிடம். ஒரு மாணவி 4 மணி 15 நிமிடம் என்று எழுதியிருந்தாள். தவறு எனக் குறித்துவிட்டேன்.

விடைத்தாளை வாங்கியதும் என்னிடம் வந்தாள். "எங்க அப்பா அங்கதான் சார் வேலை பார்க்கிறாங்க. அங்க மணி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி இருக்கும்" என்றாள்.

தவறு என்னுடையது. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படியும், சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படியும் இருக்கும். இந்தியத் திட்ட நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5½ மணி நேரம் முந்தியது. சிங்கப்பூர் நேரம் 8 மணி நேரம் முந்தியது. இந்த 2½ மணி நேரத்தைக் கழித்தால் அவள் எழுதிய விடைதான் வரும்.

மறுநாள் இதையே பாடமாக்கினேன். உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து அளந்தோம். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூல் ஏறத்தாழ 6.8 செ.மீ. வரும். உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. விகிதம் போட்டால் வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,900 கி.மீ. எனக் கிடைக்கிறது.

பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,900ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடம்தான் வருகிறது. மீதி நேரம் எங்கே போயிற்று? ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, கீழிறங்குவது ஆகியவற்றில் வேகம் குறைவு. வான்வழிப் பாதையும் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதில்லை. அட்டவணை நேரத்தில் இவை எல்லாம் அடங்கும்.

சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. சென்னை 80° கிழக்கு, சிங்கப்பூர் 104° கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியவை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 24 பாகைக்கு 96 நிமிடமே வேறுபாடு வர வேண்டும். கடிகாரம் காட்டுவதோ 150 நிமிடம். காரணம், திட்ட நேரத்தை முடிவு செய்வது அந்தந்த நாட்டின் அரசு. இந்தியா 82½° தீர்க்கக்கோட்டின் நேரத்தைப் பின்பற்றுகிறது. சிங்கப்பூர் 1982 முதல் 120° தீர்க்கக்கோட்டிற்குரிய நேரத்தைப் பின்பற்றி வருகிறது.

திரும்பும் பயணத்தையும் கொடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் காலை 9.00க்குப் புறப்பட்டு, சென்னையில் 10.30க்கு இறங்கினால் பயணம் ஒன்றரை மணி நேரமா? அப்படியானால் வேகம் மணிக்கு 1,900 கி.மீ.க்கு மேல், ஒலியைவிட வேகம்! "இது நடக்குமா?" என்று மாணவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கப் பழகுவதுதான் இப்பாடத்தின் பயன்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணை வகுப்பின் முன்னிலையில் திருத்திக் கொடுத்தேன். வினாத்தாளிலும் "உள்ளூர் நேரப்படி" என்று சேர்த்துக்கொண்டேன்.